கல் சுவரில் வைத்த சோறு

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. கோர்வையாக எழுத வராது. ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போது முக்கியமானது விட்டுப்போகும், அப்புறம் ஞாபகம் வந்து நடுவில் சொருகுவேன். போன ஊரின் பெயரே பாதி மறந்துவிட்டது. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பகுதி நூலகத்து அம்மா, "திருவொத்தியூர்லேர்ந்து பாரின் போனவங்க எவ்ளோ பேரு கீறாங்க, ஒருத்தரும் எழுதி வைக்கல. நீங்க எழுதுங்க" என்று ஒரு நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் நாலு பேர் எதிரில் பேசக் கூச்சப்படுகிறவள். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டினவர். போன வருஷம் வைகாசியில் இறந்துபோனார். எங்கள் ஒரே பெண் ரேவதி ஸ்காட்லாந்து என்ற தேசத்தில் ஒரு மலையில் பறவைகளை எண்ணுகிற வேலையில் இருக்கிறாள். அவள் சாவுக்கு வரவில்லை. வந்து சேர இரண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் உடம்பை வைத்திருக்க முடியாது என்று நாங்கள் எடுத்துவிட்டோம். பதினாறாம் நாள் காரியத்தில் மொட்டை மாடியில் இலை போட்டுச் சோறு வைத்தோம். எங்கள் பக்கம் மனிதரைவிடக் காக்கை அதிகம். மீன் வண்டி, இறால் கம்பெனி, குப்பை வண்டி, எது போனாலும் பின்னாலேயே பறக்கும். அன்றைக்கு ஒரு காக்கைகூட இறங்கவில்லை. தண்ணீர் தொட்டியின் மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தன.

என் நாத்தனார் பத்மா எல்லார் எதிரிலும் சொன்னாள்: "அண்ணன் மனத்தாங்கலோட போயிகிறாரு அண்ணி. பெத்த பொண்ணு கையால ஒரு வாய் சோறு வெக்கணும். இல்லன்னா காக்கா எட்காது."

பத்மாவுக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவள் பையனுக்குத்தான் ரேவதியைப் பேசி வைத்திருந்தோம். ரேவதி மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து நாலு வருஷம் என் வீட்டுக்காரர் மகளோடு பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

அதனால் முதல் வருஷத் திதி வருவதற்குள் அவளிடம் போய், அவள் கையால் சோறு வைத்து, காக்கை எடுப்பதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். இதை அவளிடம் சொல்லவில்லை. "உன்னைப் பார்க்கணும் போல கீது" என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

விமானத்தில் என்ன தின்றேன் என்று ஞாபகம் இல்லை. இறங்கின இடத்தில் ஒரு நாய் என் பையை விடவே இல்லை. அதைப் பிடித்திருந்த பெண் போலீஸ் பையைத் திறந்து, நாலு சுற்று பிளாஸ்டிக்கில் கட்டியிருந்த நெத்திலிக் கருவாட்டை வெளியே எடுத்தாள். அவளிடம் சொல்ல எனக்கு பாஷை இல்லை. விரலால் மீன் நீந்துகிற மாதிரி காட்டினேன். அவள் முகர்ந்து பார்த்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாய்க்குத்தான் மனசு ஆறவில்லை.

ரயிலடியில் ரேவதி நின்றிருந்தாள். இளைத்து, கறுத்து, காற்றடித்துக் கன்னம் வெடித்திருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இன்னாமா, கருவாட்டு வாசன மூக்க தொளைக்குது" என்றாள். அவள் அப்பாவைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள் போலிருக்கிறது.

அவள் வண்டி ஓட்டுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாதை ஒற்றை வண்டிக்குத்தான் அளவு. எதிரில் வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நின்று கையைத் தூக்க வேண்டும். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்காரனுக்கு ஒருமுறை இதைக் காட்ட வேண்டும். ஓர் இடத்தில் செம்மறியாட்டுக் கூட்டம் ரோட்டில் படுத்திருந்தது. எழுந்து போகும் வரை ரேவதி எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குக் கொஞ்சம் தூரம் இருக்கும்போது ஒதுங்கின இடத்தில் முன் சக்கரம் கறுப்புச் சேற்றில் இறங்கிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

டிராக்டர் கொண்டு வந்து வண்டியை இழுத்தவர் பெயர் டன்கன். எழுபது வயது இருக்கும். அந்த மலையைப் பார்த்துக்கொள்கிற காவல்காரர். அவர் பேசினதை எல்லாம் ரேவதி எனக்கு எங்கள் பாஷையில் சொல்வாள், அதனால் என் காதில் அவர் எங்கள் பக்கத்து எர்ணாவூர்க்காரர் மாதிரியே ஆகிவிட்டார்.

"உங்கம்மா இன்னாத்துக்கு வெறுங்கால்ல வராங்க, பாம்பு கீதுன்னு சொல்லுன்றாருமா."

"எங்கூர்லயும் கீதுன்னு சொல்லு" என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

மலை என்றதும் காலண்டரில் இருக்கிற மாதிரி பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலையில் சன்னலைத் திறந்தால் எல்லாம் பழுப்பு. மரமே இல்லை. கொடுங்கையூர்க் குப்பை மேட்டை யாரோ கழுவி, நாற்றத்தை எடுத்துவிட்டு, கண்ணுக்கு எட்டின மட்டும் இழுத்து விரித்து வைத்தது போல இருந்தது. இப்படிச் சொன்னதற்கு ரேவதி கோபித்துக்கொண்டாள். ஆனால் மேலே நடந்து பார்த்தபோது அவளே சிரித்தாள், ஏனென்றால் பழைய குப்பை மேட்டில் நடந்தால் எப்படிக் கால் அமுங்கி எழும்புமோ அப்படியேதான் இங்கேயும். பாசியும் செடியும் பல்லாயிரம் வருஷமாக மக்கி மக்கி ஆள் உயரத்துக்கு மேல் கறுப்பாகக் கிடக்கிறதாம். அதை வெட்டிக் காயவைத்து அடுப்பு எரிக்கிறார்கள். புகை ஒரு மாதிரி மண் வாசனையாக இருக்கும். அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு விறைப்பான புதர். ஆவணி வந்தால் மலை முழுக்க ஊதாவாகப் பூக்குமாம். நான் போனபோது துடைப்பக் குச்சி மாதிரிதான் இருந்தது. ஈரமான இடங்களில் மட்டும் ஒரு புல், நுனியில் பஞ்சு வைத்த மாதிரி வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. பிய்த்து உருட்டிப் பார்த்தேன். விளக்குத் திரிக்கு ஆகாது.

சத்தமே இல்லாத இடத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு வாசல் ரோட்டில் லாரிச் சத்தம் நின்றுவிட்டால் நான் விழித்துக்கொள்வேன்.

சாப்பாடு: காலையில் ஓட்ஸ் கஞ்சி, உப்புப் போட்டு. கேழ்வரகுக் கூழ் குடித்த வாய்க்கு அது பரவாயில்லை, தொட்டுக்கொள்ள ஒரு மோர்மிளகாய் இருந்தால் நன்றாக இருக்கும். டன்கன் ஒருநாள் ஏதோ உருண்டையாக வேகவைத்துக் கொண்டுவந்தார். ரேவதி அதை எப்படி எனக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது போட்டி. ஆட்டுக் கொடல பொடிசா வெட்டி ஓட்ஸ்ல கலந்துகிறாங்க. காரம் போடல" என்றேன். நான் தட்டைத் தள்ளிவிடுவேன் என்று டன்கன் எதிர்பார்த்திருந்தாராம். மிளகாய்த்தூள் தூவி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

முதல் நாள் காலையிலேயே நான் சோறு வடித்ததும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு வெளியே போனேன். காக்கைக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு, சிமெண்டு எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கின ஒரு சுவர் மலையின் மேலே வரைக்கும் ஓடுகிறது. அதன் மேல் வைத்து "கா, கா" என்று கூப்பிட்டேன். காற்றுதான் திருப்பிக் கூப்பிட்டது. மத்தியானம் பார்த்தால் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் ரேவதி என்னை மேலே அழைத்துப் போனாள். பத்து அடிக்கு ஒருமுறை நான் உட்கார்ந்தேன். காலடியிலிருந்து ஒரு செம்பழுப்புக் கோழி படபடவென்று கத்திக்கொண்டு கிளம்பியது, என் உயிரே போய்விட்டது. கொண்டை வைத்த பறவை ஒன்று தலைக்கு மேல் வந்து வந்து திட்டியது. நம் ஊர் ஆள்காட்டிக்குச் சொந்தமாம், குணம் அப்படியே. குளிர்காலத்தில் வெள்ளையாக இருக்கிற முயல், இப்போது பழுப்புக்கு மாறிவிட்டு காதோரம் மட்டும் வெள்ளை மிச்சமாக, எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைச்சாயம் போன கிழவர் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு பொங்கிப் பொங்கி, கொதிக்கிற பாத்திரத்தை யாரோ புல்லாங்குழலில் ஊதினது போல. ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் ஒரு பறவை: நீளமாக, கீழே வளைந்த மூக்கு. இதே மாதிரி ஒன்று எண்ணூர் கழிமுகத்தில் சேற்றில் குத்திக் குத்தித் தின்னும், நானே பார்த்திருக்கிறேன்.

"இது நம்மூர்க்கு வருமாடி?"

"அது வேற நாட்லேர்ந்து வர்து. இது இங்கியேதான், குளிருக்கு கடலோரம் போய்டும். கர்லூன்னு பேரு. இந்த மலைல அஞ்சே அஞ்சு கூடு கீதுமா. இந்த வருசமும் குஞ்சு தப்பலன்னா, இந்த நெலத்துக்காரரு மரம் நட்டுடுவாரு."

"மரம் நட்டா நல்லதுதானே?"

"இதுக்கு ஆவாது. வெட்டவெளிலதான் தரைல முட்ட வெக்கும். மரம் இருந்தா காக்கா உக்காந்து வேவு பாக்கும். இங்க நரியவிட பேஜாரு காக்காதான். டன்கன் ரெண்டு வருசமா பாடுபட்டு இந்தப் பக்கம் காக்காவே இல்லாம பண்ணிகிறாரு."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். இத்தனை கடல் தாண்டி ஒரு காக்கைக்காக வந்திருக்கிறேன். வந்த இடத்தில் காக்கையே இல்லையாம். கீழே இறங்கும்போது ரேவதி சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு புல் கொத்தைக் காட்டினாள். மூணாம் நம்பர் கூடு அது. அவள் சொன்னபிறகும் எனக்குப் பறவை தெரியவில்லை. தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் பார்த்ததும் ஒரு கண் தெரிந்தது. அசையாமல் என்னையே பார்த்தது.

இனி நான் செய்தது. காக்கை முட்டை தின்னும் என்று எனக்குத் தெரியாதா? ரேவதி சொன்னதும் காதில் விழுந்தது. விழுந்தும், திதிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது என்பதுதான் மனசில் ஓடியது. ஒரே ஒரு காக்கை வந்தால் போதும் என்று நினைத்தேன். சோற்றோடு நெத்திலியை வறுத்துப் பிசைந்து, வாசனை தூரம் போகட்டும் என்று, சுவரில் இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோய் வைத்தேன். ரேவதி காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். நான் வைத்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் வைத்தேன்.

ஆறாம் நாள் காக்கை வந்தது. மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. சுவரின் மேல் இரண்டு. கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை, உடம்பு மட்டும் சாம்பல். நம் ஊர்க் காக்கைக்குக் கழுத்தில் இருக்கிற சாம்பல், இதற்கு உடம்பு முழுக்க இறங்கியிருந்தது. அதில் பெரியது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரரும் ஏதாவது கேட்கும் முன்னால் அப்படித்தான் தலையைச் சாய்ப்பார். "வந்துட்டியா" என்று என் வாய் சொல்லிவிட்டது. அது இறங்கி, கருவாட்டைத் தேடி எடுத்து, பிறகு சோற்றையும் எடுத்தது. நான் கல்லில் உட்கார்ந்து அழுதேன். இன்னும் மூன்று நாள் வைத்தேன். தினமும் வந்தன. திதி அன்றைக்கு ரேவதியை விட்டு வைக்கச் சொன்னால் எடுத்துவிடும், ஊருக்குப் போய் பத்மாவிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் ரேவதி மத்தியானமே திரும்பி வந்தாள். கைக்குட்டையை மேசையில் பிரித்தாள். உள்ளே ஓடு. பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்டது, ஒரு பக்கம் குத்தி ஓட்டை.

"மூணாம் நம்பர். நாலு முட்டயும் பூட்ச்சு" என்றாள். கையைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் டன்கன் வந்தார். ஓட்டை விரலால் தடவிப் பார்த்து என்னவோ சொன்னார்.

"காக்கா குத்துதான்றாரு. ரெண்டு வருசமா இந்தப் பக்கம் வராதது எப்டி வந்துச்சுன்னு அவருக்கும் தெர்ல. யாரோ தீனி போட்டு பழக்கிகிறாங்கன்றாரு." ரேவதி அலுப்பாகச் சிரித்தாள். "இந்த அத்துவானக் காட்ல யாருமா தீனி போடப் போறா."

நான் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

ரேவதிக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். சுவரைக் காட்டினேன். டன்கன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

"நான்தான் சொன்னேனேமா! காக்கா வந்தா பேஜாருன்னு மலைல வெச்சு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"அப்பால இன்னாத்துக்கு போட்ட?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறாம் நாள் இலை, தண்ணீர் தொட்டி மேல் உட்கார்ந்த காக்கை, பத்மா பேசினது எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே எங்கேயோ வெளியூர் ஆள் கதை மாதிரி இருந்தது.

"ஓ. பத்மா அத்த சொல்லிச்சா? அதும் புள்ளய கட்டிக்கல, அதான் காக்கா வரலியா?" ரேவதி எழுந்து நின்றாள். "நாலு வருசம்மா. ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம நான் போன் பண்ணல? நைனா கிட்ட குடுன்னு கேக்கல? நீதான எட்து, 'நைனா தூங்குறாருடி'ம்ப. நான் மனத்தாங்கலா, அவரு மனத்தாங்கலா?"

"அவரு தூங்கல."

"இன்னா?"

"தூங்கல. பக்கத்துலதான் உக்காந்துகினு இருப்பாரு. உன் போன் வந்தா டிவி சத்தத்த கொறப்பாரு. நீ பேசி முடிக்கிற வரிக்கும் அப்டியே இருப்பாரு. வெச்ச அப்பால சத்தத்த ஏத்துவாரு. நான் குடுக்கட்டான்னு கேட்டா கைய ஆட்டுவாரு. உங்கிட்ட அத்த எப்டி சொல்றது? அதான் தூங்குறாருன்னேன்."

ரேவதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "வாரா வாரமா?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம் விடல."

"அத்த மொதல்லயே சொல்லிக்கலாம்ல நீ" என்றாள். அது கோபம்தான். ஆனால் முட்டைக்கான கோபம் இல்லை, அது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் டன்கன் வந்து என் எதிரில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த மீன் சோறு இன்னும் கொஞ்சம் பண்ணித் தருவீங்களான்னு கேக்கறாருமா" என்றாள் ரேவதி, என்னைப் பார்க்காமல். "கூண்டு வெக்கணும். வேற எத்த வெச்சாலும் அதுங்க கிட்ட வராது, கள்ளப் பயலுங்க. உங்க சோத்துக்குத்தான் வரும்ன்றாரு. இன்னும் நாலு கூடு கீது."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அரிசியைக் களைந்தேன். நெத்திலியைத் தலை கிள்ளினேன். இறால் கம்பெனியில் பதினெட்டு வருஷம் தலை கிள்ளின கை, அன்றைக்கு ஒரு கைப்பிடிக்கு அரை மணி நேரம் எடுத்தது. படையலுக்குச் சமைக்கிற மாதிரியேதான் உப்புப் பார்க்காமல் சமைத்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. கம்பி அடித்த மரக்கூண்டில் டன்கன் அதை வைத்து, சுவரடியில் நான் வைத்த இடத்திலேயே இறக்கினார்.

மறுநாள் காலையில் பெரியது உள்ளே இருந்தது. சின்னது சுவர்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிறதை வைத்துத்தான் வெளியே இருக்கிறதைப் பிடிப்பார்களாம். அதுவரைக்கும் உள்ளே இருக்கிறதற்குத் தினமும் சோறும் தண்ணீரும் உட்கார ஒரு குச்சியும் கொடுத்தாக வேண்டும், அந்த ஊர்ச் சட்டம் அப்படி. பிறகு என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. ரேவதியும் சொல்லவில்லை.

நான் அந்தப் பக்கம் இரண்டு நாள் போகவில்லை. முழங்கால் வலி என்றேன். வலியும் இருந்தது.

மூன்றாம் நாள் திதி. காலையில் எழுந்து பார்த்தால் ரேவதி எனக்கு முன்னால் எழுந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, அடுப்படியில் நிற்கிறாள். வேலைக்குப் போகவில்லை.

"இலை இல்லையேமா" என்றாள்.

முட்டைக்கோஸின் வெளி இலை பெரிதாக ஒன்று எடுத்துக் கழுவினேன். சோறு, கருவாட்டுக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு முட்டை. முட்டையை இலையில் வைத்துவிட்டு ரேவதி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

சுவரோரமாக மேலே நடந்தோம். தூறல். ஒரு பொடிப் பூச்சி அந்த ஊரில் உண்டு, கொசுவில் கால் பங்கு, கடி மூன்று பங்கு. எங்களைச் சுற்றி மேகமாகப் பறந்தது. சின்னக் காக்கை எங்களைக் கண்டதும் எழும்பி வட்டமடித்தது. கூண்டில் இருந்தது மூலையில் ஒண்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. திறந்துவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மலைக்கு மேலே, எங்கேயோ, கர்லூ கத்தியது. நான் சொல்லவில்லை. அவளும் திறக்கவில்லை.

கூண்டுக் கதவை ஒரு கை நுழையும் அளவு தூக்கி, ரேவதி இலையை உள்ளே தள்ளினாள். சட்டென்று எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். ஈரத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நைனா" என்றாள். இலையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். "நான் வந்திருக்கணும். நீயும் ஒரு வாட்டி போன வாங்கியிருக்கலாம். வுடு. ஆறிடும், துன்னு."

காக்கை அசையவில்லை. பத்து நிமிஷம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். என் சேலை நனைந்து கனத்துவிட்டது. நாம் பார்த்துக்கொண்டிருந்தால் தின்னாது என்று ரேவதி சொல்லி, இரண்டு பேரும் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். எதிரில் பழுப்பு மலை, மேலே பாதி மேகத்துக்குள். ரேவதி என் கையைப் பிடித்திருந்தாள். பின்னால் மெதுவாக ஒரு சத்தம், இலையின் மேல் மூக்கு படுகிற சத்தம். நான் திரும்பப் போனேன், ரேவதி விடவில்லை. அது தின்று முடிக்கும் வரை அப்படியே நின்றோம். திரும்பிப் பார்த்தபோது இலையில் குழம்பின் கறை மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் நாலு நாள் இருந்தேன். என்ன செய்தேன் என்று பெரிதாக ஞாபகம் இல்லை. பெரும்பாலும் தூங்கினேன். கூண்டு ஒருநாள் சுவரடியில் இல்லை. கிளம்பும் அன்றைக்கு டன்கன் ஒரு பை நிறைய உருளைக்கிழங்கு கொடுத்து அனுப்பினார், அதை ரயிலடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ரேவதி போன் பண்ணுகிறாள். இரண்டு கூட்டில் குஞ்சு பொரித்து, மொத்தம் ஐந்து குஞ்சு நடக்கிறதாம். நிலத்துக்காரர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மூணாம் நம்பர் ஜோடி அந்தப் புல் கொத்துக்குத் திரும்பவில்லை.

நான் ஊருக்கு வந்து இறங்கின அன்றைக்கே பத்மா வந்தாள்.

"காக்கா எட்துச்சா அண்ணி?"

"எட்துச்சு."

"பொண்ணு கையாலயா?"

"அவ கையாலதான்."

பத்மா அவர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குத்தான் அண்ணனுக்கு ஆறிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கூண்டைப் பற்றி நான் சொல்லவில்லை. இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, இந்த நோட்டில்தான் முதல் தடவை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் நூலகத்து அம்மா ரேவதியிடம் ஒரு வார்த்தை கேட்டு, பறவைகளின் பெயர், முட்டையின் நிறம் எல்லாம் சரிதானா என்று பார்த்துவிட வேண்டும். நான் சொன்னதில் பாதி தப்பாக இருக்கும். இன்னொன்றும் உண்டு, அதை ரேவதியிடம் கேட்டுப் பயனில்லை. சாஸ்திரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்: பறந்துபோக வழியில்லாத காக்கை தின்றால், அது எடுத்ததாக ஆகுமா?